வேலப்பன்சாவடி தாண்டி நூம்பல்... வாடகை வீட்டைக் காலி செய்யும்போது லாரியில் ஏற்ற முடியாதவை!

பூந்தமல்லியைச் சுற்றியிருக்கும் ஊர்ப் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி. பஸ் கண்டக்டர் சொல்லும் வேகத்தில் 'சாவடி' என்ற வார்த்தை காதில் விழாமலே போய்விடும். சாவடி என்றால் வழிப்போக்கர்கள் தங்கி, இளைப்பாறி, மறுநாள் கிளம்பிப் போகும் இடம். காஞ்சிபுரம் பக்கமிருந்து சென்னைப்பட்டினத்துக்கு மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் வந்தவர்களின் தடம் இது. பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள், இங்கிருந்து பூ எடுத்துக்கொண்டு காஞ்சி வரதராஜரைச் சேவிக்கப் போவார் என்பது வைணவ மரபு. அந்தக் கணக்கில், இந்த ரூட்டின் முதல் 'டெய்லி பாசஞ்சர்' அவர்தான்!

வேலப்பன்சாவடியை ஒட்டியிருக்கும் ஊர்தான் நூம்பல். முகவரியில் 'சென்னை-77' என்று எழுதுவார்கள்; மாவட்டம் திருவள்ளூர். பாதி ஊர், பாதி நகரம். பழைய சாவடிக் கட்டடங்கள் போய்விட்டன. ஆனால், தங்கிப் போகிற பழக்கம் மட்டும் போகவே இல்லை. இன்று அது கேட்டில் தொங்கும் அட்டையாக மாறியிருக்கிறது: 'டூ-லெட்'.

இங்கே வாடகைக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் இருக்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பல் மருத்துவக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, அவற்றின் ஆஸ்பத்திரிகள் என்று வரிசையாக இருப்பதால், படிக்கிறவர்களும் நர்ஸுகளும் லேப் டெக்னீஷியன்களும் நடந்துபோகிற தூரத்தில் அறை தேடுகிறார்கள். போரூர் பக்கத்து ஐ.டி பூங்காவில் கணவருக்கு வேலை, அம்பத்தூர் எஸ்டேட்டில் மனைவிக்கு வேலை என்றால் நடுவில் எங்கேயாவது வீடு பார்க்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளின் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் நின்று ஏற்றிக்கொள்ளும். மதுரவாயல் பைபாஸைப் பிடித்துவிட்டால் தாம்பரமும் எட்டிவிடும், புழலும் எட்டிவிடும். ஊர் பிடித்து வருகிறவர்கள் குறைவு. இரண்டு வேலைக்கும் நடுவில் இருக்கிறது என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

'ரெண்டு வருஷம் இருப்போம், அதுக்குள்ள சொந்தமா ஏதாவது பார்த்துடலாம்' என்றுதான் எல்லோருமே வருகிறார்கள். ரெண்டு வருஷம் ஆறாகும், எட்டாகும். எல்.கே.ஜி-யில் சேர்த்த பெண் ஆறாம் வகுப்புக்கு வந்துவிடுவாள். அப்படி ஒரு குடும்பம் கடைசியில் பேங்க் லோன் சாங்ஷன் ஆகி, சாவி கைக்கு வந்து, சாமான் கட்டும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். சந்தோஷமான நேரம்தான். ஆனாலும் அட்டைப்பெட்டியில் பாத்திரத்தை அடுக்கும்போது கை சற்று நின்று நின்றுதான் போகிறது.

'எத்தனை பேரு? நான்வெஜ் உண்டா?'

வாடகை வீட்டு நினைவுகள் எல்லாமே இனிப்பானவை இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். வீடு பார்க்க வந்த முதல் நாளே கேள்விகள் ஆரம்பித்துவிடும். எத்தனை பேர் இருப்பீர்கள், சொந்த ஊர் எது, நான்வெஜ் சமைப்பீர்களா, ஊரிலிருந்து ஆட்கள் அடிக்கடி வருவார்களா, வண்டி எத்தனை... 'சொந்த ஊர் எது' என்ற கேள்விக்குப் பின்னால் வேறொரு கேள்வி ஒளிந்திருக்கும் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். தனியாக வேலை பார்க்கும் பெண்ணுக்கு இந்தப் பட்டியல் இன்னும் நீளம்.

இந்த அவமானத்தை அப்படியே படமாக்கியது செழியன் இயக்கிய 'டூலெட்'. 2007-ல் ஐ.டி வளர்ச்சியால் வாடகை எகிறிய சென்னையில், ஒரு சிறு குடும்பம் வீடு தேடி அலைவதுதான் மொத்தக் கதையும். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. அதற்கும் வெகு முன்பே, 1988-ல், பாலு மகேந்திராவின் 'வீடு' வந்துவிட்டது. இருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நெருக்கடியில்தான் அந்தக் கதாநாயகி வீடு கட்டவே இறங்குவாள். 2025-ல் வந்த '3 பி.எச்.கே' படத்திலும் ஒரு குடும்பம் பல வருஷங்களாகச் சொந்த வீட்டைத் துரத்திக்கொண்டே ஓடுகிறது. நாற்பது வருஷமாகத் தமிழ் சினிமா திரும்பத் திரும்ப இந்தக் கதையைச் சொல்கிறது என்றால், தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் மாதம் ஐந்தாம் தேதிக்குள் வாடகை கொடுக்க வேண்டியவர்கள் என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஆணி விஷயம் தனி. 'செவுத்துல ஆணி மட்டும் அடிச்சுடாதீங்க' என்று சாவி கொடுக்கும்போதே சொல்லிவிடுவார்கள். கல்யாண போட்டோ எட்டு வருஷமாக பீரோ மேல் சாய்த்து வைத்தபடியே இருக்கும். காலண்டர், முன்பு குடியிருந்தவர் அடித்துவிட்டுப்போன ஒரே ஆணியில் தொங்கும். அந்த ஆணி இருக்கும் இடம்தான் சாமி மூலையா, ஹாலா என்பதையெல்லாம் தீர்மானிக்கும்.

ஹவுஸ் ஓனர் என்றாலே வில்லன் என்று நினைப்பதும் சரியில்லை. இந்தப் பக்கத்து ஓனர்கள் பலர் கீழ்த்தளத்தில் தாங்கள் இருந்துகொண்டு, பி.எஃப் பணத்தில் மாடி எழுப்பியவர்கள். கணவர் போன பிறகு, மாடி வாடகைதான் அந்த அம்மாவுக்குப் பென்ஷன். வாடகை ஒரு வாரம் தள்ளினால் மருந்துக் கடை பாக்கியும் ஒரு வாரம் தள்ளும். ராத்திரி பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிவிடும் அதே ஓனரம்மாதான், மேல் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம் வைத்துக்கொண்டு படியேறுவார். வேலைக்குப் போன நேரத்தில் வரும் கூரியரையெல்லாம் வாங்கி வைப்பார்.

பெயின்ட் காசு யார் கொடுக்க வேண்டும்?

காலி செய்கிற மாதத்தில் சொந்த பந்தத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டுப் பேச வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அட்வான்ஸ்.

பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது சென்னையின் பல வருஷப் பழக்கம். தமிழ்நாட்டில் 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, வீட்டு உரிமையாளர்கள் - வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017-ம் வருஷச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஆனால், ஒப்பந்தத்தில் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் அது செல்லும் என்றும் அந்தச் சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவு வழியாகத்தான் பழைய பழக்கம் இன்னமும் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைப் படிக்கிறவர்கள் எத்தனை பேர்?

வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதாவது இருந்தால் கழித்துக்கொண்டு முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் அடிக்கடி கேட்கும் பதில், 'அடுத்த ஆள் வரட்டும், அவங்க அட்வான்ஸ் கொடுத்ததும் தர்றேன்' என்பதுதான். சொந்த வீட்டுக்குப் போகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. அந்த அட்வான்ஸ் பணத்தை நம்பித்தான் புது வீட்டுக்கு கிரில் கதவும் கிச்சன் அலமாரியும் சொல்லி வைத்திருப்பார்.

அடுத்தது பெயின்ட். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்ட்டுக்கு என்று பிடித்துக்கொள்வது எழுதாத விதி. ஆனால், சட்டத்தின் அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும், தேவைப்படும்போது குழாய் மாற்றுவதும், வயரிங் வேலையும் உரிமையாளரின் பொறுப்பு என்ற பக்கத்தில்தான் இருக்கின்றன. குழாய் வாஷர், சுவிட்ச், வாஷ்பேசின் மாதிரியான அன்றாட ரிப்பேர்கள் குடியிருப்பவரின் பக்கம். இங்கேயும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இதை எடுத்துக்கொண்டு போய் ஓனரம்மாவிடம் சண்டை போடச் சொல்லவில்லை. 'பாதிப் பாதி போட்டுக்கலாமாம்மா' என்று பேச்சைத் தொடங்கவாவது இது உதவும்.

கரன்ட் பில்லிலும் ஒரு கசப்பு உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரே இணைப்பிலிருந்து சப்-மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே ரேட் வசூலிக்கும் வீடுகளில் அந்தச் சலுகை மாடிப்படி ஏறுவதே இல்லை. சொந்த வீட்டுக்குப் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தங்கள் பெயரில் வரும் முதல் ஈ.பி பில்லைப் பற்றிய கனவு அவர்களுக்கு நிச்சயம் இருக்கும்!

இங்கேயே வாங்கியிருக்கலாமே?

எட்டு வருஷம் இருந்து பழகிய ஊரிலேயே வீடு வாங்கினால் என்ன என்று யாருக்கும் தோன்றும். சிக்கலே அங்கேதான். வாடகை கொடுக்க முடிகிற ஏரியாவில் விலை கொடுக்க முடிவதில்லை.

ஒரு கணக்கு. 50 லட்ச ரூபாய் ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவிகிதம் வரைதான் வங்கிகள் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதாவது 40 லட்சம் கடன், 10 லட்சம் கையிலிருந்து. தமிழ்நாட்டில் 2023 டிசம்பர் முதல் புது அடுக்குமாடி ஃபிளாட்டுகளின் முதல் விற்பனைக்கு, 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். ஆக, அதற்கு ஒரு 3 லட்சம். கட்டி முடிக்காத ஃபிளாட் என்றால் ஜி.எஸ்.டி 5 சதவிகிதம் சேரும். 45 லட்சத்துக்குள், குறிப்பிட்ட பரப்பளவுக்குள் இருந்தால் மட்டும் 1 சதவிகிதம். 40 லட்சம் கடனுக்கு 8.5 சதவிகித வட்டியில் 20 வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். கடைசித் தவணை கட்டும் நாளில், வாங்கிய 40 லட்சத்துக்குக் கட்டியது 83 லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

மத்திய அரசின் பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா 2.0-வில் முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு வட்டி மானியம் உண்டு. அதிகபட்சம் 1.80 லட்சம். ஆனால் வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 35 லட்சத்துக்குள் என்றதும் கூகுள் மேப்பில் விரல் தானாக மேற்கே நகர ஆரம்பித்துவிடும். திருமழிசை, திருநின்றவூர், இன்னும் தள்ளி...

இதற்கு நடுவே மெட்ரோ. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை 26.1 கிலோமீட்டருக்குத் திட்டமிட்ட வழித்தடம், போரூர் தாண்டி ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், குமணன்சாவடி, கரையான்சாவடி என்று இந்தப் பக்கம்தான் வருகிறது. அந்தத் தூண்களுக்காகத் தோண்டிய பள்ளங்களிலும் புழுதியிலும் வருஷக்கணக்கில் வண்டி ஓட்டியவர்கள் இங்கிருந்த வாடகைக்காரர்கள். 'மெட்ரோ வருது' என்று சொல்லி வாடகை ஏற்றப்பட்டதும் அவர்களுக்குத்தான். ரயிலின் சுகத்தை அனுபவிக்கும் நேரத்தில் அவர்கள் வேறு ஊரில், வேறு பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருப்பார்கள். வாடகைக்கு இருப்பதில் மனசுக்கு ரொம்பவும் உறுத்தலான பகுதி இதுதான். ஊரின் கஷ்ட காலத்தைச் சுமந்துவிட்டு, அது நிமிரும்போது கிளம்ப வேண்டியிருக்கிறது.

லாரியில் ஏறாதவை

பீரோ, கட்டில், வாஷிங் மெஷின், கிரைண்டர்... எல்லாவற்றுக்கும் பேக்கர்ஸ் ஆட்கள் எண் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். எண் போட முடியாதவைதான் கடைசி வாரத்தில் ஒவ்வொன்றாக ஞாபகம் வரும்.

முதலில், தெருவைப் பற்றிய அறிவு. ஐப்பசி மழையில் தெரு முழுக்கத் தண்ணீர் நிற்கும்போதும், எந்த இடத்தில் பள்ளம், எந்த மேன்ஹோல் மூடி ஆடும் என்பது இங்கே வண்டி ஓட்டுகிறவரின் கைக்குத் தெரியும். எந்த நாய் குரைக்கும், எந்த நாய் துரத்தும், எது சும்மா பார்க்கும் என்பது தெரியும். எந்தக் கடையில் இட்லி மாவு புளிக்காது, எந்த மெடிக்கலில் ராத்திரி பதினோரு மணிக்கும் ஷட்டரைத் தட்டலாம் என்பது தெரியும். இதைச் சேர்க்க எட்டு வருஷம் ஆனது. புது வீட்டுத் தெருவில் இது மறுபடியும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும்.

அடுத்தது மனிதர்கள். கேன் தண்ணீர் போடும் தம்பிக்கு, போன் எடுத்ததும் குரலை வைத்தே 'ரெண்டாவது மாடிதானே அக்கா' என்று கேட்கத் தெரியும். மளிகைக் கடை அண்ணாச்சியின் நோட்டில் இவர்களுக்கென்று ஒரு பக்கம் உண்டு. சம்பளம் தாமதமான மாதங்களில், குறிப்பாக 2020 லாக்டவுனில், அந்தப் பக்கம்தான் பல வீடுகளில் அடுப்பை எரிய வைத்தது. எந்த வங்கியும் சிபில் ஸ்கோர் பார்க்காமல் கடன் தராது. அண்ணாச்சி முகத்தைப் பார்த்துத் தந்தார். புது ஏரியாவில் அந்த முகத்துக்கு மதிப்பு வர எத்தனை வருஷம் ஆகுமோ. தையல்கார அக்காவிடம் அளவு ஜாக்கெட் கொடுக்க வேண்டியதில்லை. 'இந்தத் தடவை ஒரு இன்ச் விட்டுத் தைக்கிறேன்' என்று அவரே சொல்லிவிடுவார்.

ஆடி மாதம் திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டமும், தெருமுனையில் ஊற்றுகிற கூழும், மைக் செட் சத்தத்தில் படிக்க முடியாமல் அலுத்துக்கொண்ட பரீட்சை நாட்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி. அலுத்துக்கொண்டதுதான். ஆனால், புது அபார்ட்மென்ட்டில் அந்தச் சத்தம் கேட்காது என்று தெரியும்போது வீடு கொஞ்சம் வெறிச்சோடித்தான் தெரிகிறது.

பிள்ளைகளுக்குத்தான் இதில் அதிக நஷ்டம். பெரியவர்களுக்கு நூம்பல் ஒரு வாடகை ஏரியா. அங்கேயே வளர்ந்த பெண்ணுக்கு அதுதான் சொந்த ஊர். அப்பாவின் சொந்த ஊர் தீபாவளிக்குப் போய் வருகிற இடம். இவளுக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்ததும், விழுந்து முட்டி தேய்ந்ததும் இந்தத் தெருதான். 'நமக்குன்னு சொந்த வீடு, உனக்குத் தனி ரூம்' என்று என்ன சொன்னாலும், கீழ் வீட்டுத் தோழி அந்த ரூமுக்குள் வரப்போவதில்லை என்பதுதான் அவள் முதலில் போடும் கணக்கு. டி.சி வாங்குவதா, இந்த வருஷம் முடியும் வரை வேனில் அனுப்புவதா என்பதில் பல வீடுகளில் சண்டையே நடக்கிறது.

சொந்தமாக இல்லாத வீட்டில் இவ்வளவு ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்டால், ஒட்டிக்கொண்டவர்களின் வரிசை பெரிது. பாரதியார் கடைசிவரை சொந்த வீடு கட்டியதில்லை. திருவல்லிக்கேணியில் அவர் வாடகைக்கு இருந்த வீடுதான் இன்று பாரதியார் இல்லமாக நிற்கிறது. முதலமைச்சராக இருந்த காமராஜர், 1975-ல் மறையும்போதும் தி.நகர் திருமலைப் பிள்ளை சாலையில் வாடகை வீட்டில்தான் இருந்தார். அந்த வீடும் இப்போது நினைவில்லம். வாடகைப் பத்திரம் யார் பெயரில் இருந்தது என்பதை ஊர் மறந்துவிட்டது. யார் வீடு என்று கேட்டால் அவர்கள் பெயரைத்தான் சொல்லும்.

கிளம்பும் முன் சில்லறை வேலைகள் நிறைய. ஆதாரில் முகவரி, கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு, வங்கி. வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்ற படிவம் 8. இதை மட்டும் தள்ளிப்போட்டால், தேர்தல் அன்று ஓட்டுப் போட இவ்வளவு தூரம் திரும்பி வர வேண்டியிருக்கும். புது வீட்டில் பால் காய்ச்ச நாள் பார்க்கும்போது ஆடியும் மார்கழியும் கழிந்துபோகும். அதனால் தை பிறந்ததும் எல்லோரும் ஒரே வாரத்தில் லாரி தேடுவார்கள், ரேட் ஏறும். உப்பு, மஞ்சள், அரிசி, ஒரு குடம் தண்ணீர், சாமி படம் முதலில் போய்விட வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

லாரி வருவதற்குள்ளேயே கேட்டில் அட்டை தொங்கிவிடும். கட்டிய மூட்டைகளுக்கு நடுவே அடுத்த குடும்பம் செருப்பைக் கழற்றிவிட்டு வீடு பார்க்க வரும். கணவர் ஓனரம்மாவிடம் வாடகை பேசிக்கொண்டிருக்க, கையில் குழந்தையோடு வந்த பெண் மெல்ல சமையலறைப் பக்கம் நகர்ந்து, காலி செய்கிறவரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பாள்.

"அக்கா, தண்ணி எப்படி? மழைக்கு உள்ள வருமா? ஓனர் எப்படி?"

"தண்ணி காலைல ஆறு மணிக்கே பிடிச்சு வெச்சுக்கோ. மழைக்குத் தெருவுல நிக்கும், மாடிக்கு ஒண்ணும் ஆகாது. அந்தம்மா கொஞ்சம் சத்தம் போடுவாங்க, மனசு நல்ல மனசு. மாவு மட்டும் மெயின் ரோட்டுல வாங்காத. மூணாவது கிராஸ்ல ஒரு ஆயா விக்கும், அங்க வாங்கு."